குறிகட்டுவானுக்கு அப்பால் ஒரு கலியாணவீடு

யாழ்ப்பாணத்தில் பெருஞ்செலவில் விழா எடுக்க நினைப்பவருக்கு இன்று இடப்பஞ்சம் இல்லை. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி ரயில் மறுபடி நகருக்குள் வந்தது. 2016இல் ஜெற்விங் நிறுவனம் நகர மையத்தில் தன் ஹொட்டேலைத் திறந்தது. பலாலி 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமானது. கொரோனாக் காலத்தில் நின்றுபோன சென்னை விமானம் 2022 டிசெம்பரில் திரும்ப ஓடத் தொடங்கியது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருப்பவர்கள் பிள்ளைகளின் கலியாணத்தையும் சாமத்தியவீட்டையும் பெற்றோரின் அறுபதாம் கலியாணத்தையும் ஊரில் வைப்பது வழமையாகிவிட்டது. குளிரூட்டிய மண்டபம், வாழைமரம் கட்டிய வாசல், மணவறைச் சோடனை, பந்தி, படப்பிடிப்பு எல்லாம் நகரிலேயே கிடைக்கின்றன.

இப்போது ஆசை கடலைத் தாண்டப் பார்க்கிறது. நயினாதீவில் அம்மன் சந்நிதியில் தாலி கட்டி, நெடுந்தீவில் பவளப்பாறைக் கல்வேலிகளுக்கு நடுவே படம் எடுத்து, கடற்கரையில் இரவு விருந்து வைக்கலாமா என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் பலருக்குத் தீவகம்தான் சொந்த ஊர். 1990களின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்து போன குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். அந்த ஆசையை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். பாழடைந்து கிடக்கும் வளவில் ஒருநாளாவது மேளச்சத்தம் கேட்க வேண்டும் என்று நினைப்பதில் பெருமைக்கு மேலான ஏதோ ஒன்று இருக்கிறது. ஆனால் ஆசையைக் கொண்டுபோய் எந்தக் கரையில் இறக்குவது என்பதை நன்றாக ஆராய்ந்தே முடிவெடுக்க வேண்டும். தீவகத்தில் ஒரு விழாவுக்கு இடம் பார்ப்பவர் அந்தத் தீவின் படகையும் தண்ணீரையும் மின்சாரத்தையும் ஒரு நாளைக்கு இரவலாகக் கேட்கிறார். கொடுக்கக்கூடிய அளவு அங்கே இருக்கிறதா என்பதுதான் முதற்கேள்வி. காட்சி எவ்வளவு அழகு என்பது அதற்குப் பிறகு வருகிறது.

இறங்குதுறையிலிருந்து தொடங்கும் கணக்கு

தீவகம் என்று ஒரே பெயரால் சொன்னாலும் விழா வைப்பவருக்கு அது இரண்டு நாடுகள். ஒன்று வாகனம் போகும் தீவுகள். பண்ணைத் தாம்போதியால் மண்டைதீவுக்கும் வேலணைக்கும் போகலாம். வேலணையிலிருந்து இன்னொரு தாம்போதியால் புங்குடுதீவு. ஊர்காவற்றுறைப் பட்டினம் வேலணைத் தீவிலேயே இருக்கிறது. காரைநகருக்குப் பொன்னாலைப் பக்கத்தால் தனித் தரைவழி. மற்றது படகை நம்பிய தீவுகள்: நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு. இந்த இரண்டு நாடுகளுக்கும் எல்லைக்கோடு புங்குடுதீவின் மேற்கு நுனியில் இருக்கும் குறிகட்டுவான் இறங்குதுறை. யாழ்ப்பாணத்திலிருந்து 776ஆம் இலக்கப் பஸ் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடி அங்கேதான் நிற்கிறது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு அங்கிருந்து. அனலைதீவு, எழுவைதீவுக்கு ஊர்காவற்றுறையிலிருந்து.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விருந்தினர் 300 பேர். படகு ஒன்றுக்கு 50 பேர் என்று இரண்டு படகுகள் தனியாக அமர்த்தியாயிற்று. நயினாதீவுக்குக் கடலில் போகும் நேரம் ஏறக்குறைய இருபது நிமிடம்தான். ஆனால் ஏறுவது, உயிர்காப்பு அங்கி போடுவது, இறங்குவது, படகு திரும்பி வருவது எல்லாம் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு ஒரு மணித்தியாலம். காலை ஆறு மணிக்கு முதற்படகு போனால் கடைசி ஆட்கள் எட்டரைக்குத்தான் கரையேறுவார்கள். ஆறு மணிக்குக் குறிகட்டுவானில் நிற்க வேண்டியவர் யாழ்ப்பாணத்திலிருந்து ஐந்துக்கு முன்னரே புறப்பட வேண்டும். மணப்பெண்ணுக்குச் சோடிக்க வருபவர் நடுச்சாமத்தில் எழும்ப வேண்டும். முகூர்த்தம் ஒன்பதுக்குப் பிறகு என்றால் இது நடக்கக்கூடிய காரியம்.

இதே 300 பேரையும் நெடுந்தீவுக்குக் கொண்டுபோகும் கணக்கு வேறு. ஒரு வழிக்கே ஒரு மணித்தியாலம் அல்லது அதற்கு மேல். ஏறி இறங்கித் திரும்ப ஒரு சுற்று மூன்று மணித்தியாலத்தைத் தின்னும். மூன்று சுற்றில் கடைசி விருந்தாளி போய்ச் சேரும்போது பகல் ஒரு மணி தாண்டிவிடும். இருட்டுவதற்குள் அத்தனை பேரையும் திருப்பிக் கொண்டுவரவும் வேண்டும். படகுகளைக் கூட்டலாம் என்றால் இறங்குதுறையில் ஒரே நேரத்தில் அணையக்கூடிய படகுகளுக்கும் ஓர் அளவு உண்டு. இரவு தங்கலாம் என்றால் 300 பேருக்குக் கட்டில் நெடுந்தீவில் இல்லை.

இந்தக் கணக்கில் இன்னும் சேராதவர்கள் அம்மம்மாவும் அப்பப்பாவும். துறையின் விளிம்புக்கும் படகின் விளிம்புக்கும் நடுவே அலை ஏறி இறங்கும் இடைவெளியைப் பட்டுச்சேலையோடு ஒரு எண்பது வயதுப் பெண் எப்படித் தாண்டுவார்? சக்கர நாற்காலியில் இருப்பவரை யார் தூக்குவது? விழாவில் முதல் வரிசையில் இருக்க வேண்டியவர்கள் இவர்கள்தான். இவர்கள் வரமுடியாத இடம் எவ்வளவு விலை கொடுத்தாலும் ஆடம்பரமான இடமாகாது என்பது என் உறுதியான கருத்து. அதோடு, திடீரென ஒருவருக்கு நெஞ்சுநோ வந்தால் நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனைக்குப் போகும் வழியில் முதற்பகுதி கடல்.

தண்ணீர்

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டையை எல்லாரும் அறிவர். போர்த்துக்கேயர் கட்டினார்கள், ஒல்லாந்தர் பிடித்து ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டார்கள். 1658 மார்ச்சில் அது விழுந்த விதம் இடம் தேடுவோருக்கு ஒரு பாடம். இரண்டு கிழமை முற்றுகையில் ஒல்லாந்தரின் பீரங்கி, கோட்டைக்குள் மரத்தால் செய்த குடிநீர்த் தொட்டியை உடைத்தது. சுற்றிவரக் கடல், உள்ளே குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. காவற்படை சரணடைந்தது. அந்தக் கோட்டை பிறகு சிறையாக இருந்து, 1971 கிளர்ச்சியில் பிடிபட்ட ஜே.வி.பி. இளைஞர்களையும் அடைத்துவைத்து, இன்று கடற்படை நடத்தும் விடுதியாக இருக்கிறது.

தீவுகளின் நன்னீர் மழையால் வருவது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கும் மழைநீர், அடியில் இருக்கும் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவோடு அள்ளினால் ஆண்டு முழுக்கக் கிடைக்கும். மோட்டார் போட்டு ஒரே நாளில் இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே வந்து கிணறு கெடும். சமையல், கழுவல், கழிவறை எல்லாவற்றுக்கும் தலைக்கு 30 லீற்றர் என்று குறைத்துப் போட்டாலும் 300 பேருக்கு 9,000 லீற்றர் வேண்டும். வேலணைக்கோ புங்குடுதீவுக்கோ பவுசரில் கொண்டுபோய் இறக்கலாம். பயணிகள் படகில் பவுசர் ஏறாது. அப்போது அந்தத் தண்ணீர் யாரோ ஒருவருடைய கிணற்றிலிருந்துதான் வரும். விருந்து முடிந்த பிறகும் அந்தக் கிணற்றை நம்பி இருக்க வேண்டியவர் அவர்.

மின்சாரமும் இப்படித்தான். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் நாட்டின் மின்வலையமைப்போடு சேராமல் டீசல் இயந்திரங்களை நம்பியிருந்தவை. சூரியசக்தியும் காற்றும் கலந்த திட்டம் ஒன்றுக்கு இந்திய நிதியுதவியோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. விழாக்காரர் தன் ஜெனரேட்டரைத் தானே கொண்டுபோவதுதான் முறை.

தண்ணீரையும் மின்சாரத்தையும் மறந்தால் என்ன நடக்கும் என்று உலகத்துக்குக் காட்டியது 2017 ஏப்ரலில் பஹாமாஸ் நாட்டின் கிரேட் எக்சூமா தீவில் நடந்த ஃபயர் விழா. பணக்கார இளைஞர்களுக்கான இசைவிழா என்று விளம்பரம். நுழைவுச்சீட்டும் தங்குமிடமும் பல ஆயிரம் டொலர் வரை விற்றன. போய் இறங்கியவர்கள் கண்டது அனர்த்தக்காலக் கூடாரங்களையும் மழையில் நனைந்த மெத்தைகளையும்தான். தண்ணீர், கழிவறை, சாப்பாடு எதுவும் போதவில்லை. அதே நாட்களில் அங்கே படகுப்போட்டித் திருவிழா நடந்ததால் தங்க விடுதியும் கிடைக்கவில்லை. நடத்தியவருக்கு மோசடிக்காக ஆறு ஆண்டுச் சிறை. எனக்கு அதில் அதிகம் வலித்தது வேறொன்று: கூலி கிடைக்காமல் நின்ற உள்ளூர்த் தொழிலாளரும் கைக்காசில் சமைத்துப்போட்ட உள்ளூர்ச் சாப்பாட்டுக்கடைக்காரியும்.

தீவில் பெருங்கூட்டம் கூடவே முடியாது என்று நான் சொல்லவில்லை. கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு வழமையாக இலங்கை, இந்தியா இரு நாட்டிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள். இங்கிருந்து போகும் படகுகள் குறிகட்டுவானில் புறப்படுகின்றன. குடியிருப்பும் குடிநீரும் இல்லாத தீவு அது. குடிநீர், தற்காலிகக் கழிவறை, இறங்குமேடை, வெளிச்சம், வைத்தியர் எல்லாம் மாவட்டச் செயலகமும் கடற்படையும் மறைமாவட்டமும் முன்கூட்டியே கூடிப் பேசிக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை. இரண்டு நாள் வழிபாட்டுக்கு அத்தனை ஏற்பாடு. தனிக்குடும்பம் ஒன்று அதை ஒரு விருந்துக்காகச் செய்ய முயன்றால் செலவில் பெரும்பங்கு விருந்தாளியின் இலைக்குப் போகாது. படகிலும் பீப்பாயிலும் கரையும்.

காற்றும் பஞ்சாங்கமும் பள்ளி விடுமுறையும்

வெளிநாட்டுக்காரருக்கு நீண்ட விடுமுறை யூலை, ஓகஸ்ட். அதில் பாதி ஆடி மாதம். ஆடியில் நம்மவர் கலியாணம் வைப்பதில்லை. ஆவணி பிறந்ததும் முகூர்த்தத்துக்கு நெரிபடுகிறார்கள். நல்லூர்த் திருவிழாவும் பெரும்பாலும் அந்த நாட்களை ஒட்டியே வருவதால் நகரில் அறை கிடைப்பது அரிது. ஆகவே தீவுக்குப் போவோம் என்று நினைக்கிறார்கள். அதுவோ சோளகக் காற்றின் காலம். வைகாசி தொடங்கி ஆவணி தாண்டியும் கடல் புரளும். நெடுந்தீவுப் படகில் உடுப்பு நனையாமல் போவது கடினம். காற்றுக் கடுமையான நாளில் படகே ஓடாது. படகு நின்றால் முகூர்த்தம் காத்திருக்காது. மார்கழி விடுமுறைக்கு வைப்போம் என்றால் அது வாடைக்காலம், மழையும் சேர்ந்தது, மார்கழியில் கலியாணமும் இல்லை.

மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரை கடல் பொதுவாக அடங்கியிருக்கும். இங்கிலாந்து, பிரான்ஸ் பள்ளிகளின் ஈஸ்டர் விடுமுறையும் அந்தக் காலத்திலேயே வருகிறது. தீவகத்தில்தான் வைப்போம் என்று உறுதியாக இருப்பவர்கள் ஐயரிடம் அந்த மாதங்களில் நாள் பார்க்கச் சொல்வது நல்லது. வெயில் கடுமைதான். பந்தலுக்குள் வெயிலைத் தாங்கலாம். கடலில் காற்றை யாரும் தாங்க முடியாது.

விலக்க வேண்டிய நாட்களும் உண்டு. நயினை நாகபூசணி அம்மனின் மகோற்சவம் ஆனியில். வெசாக் நாட்களில் தெற்கிலிருந்து அதே தீவின் நாகதீப விகாரைக்கு வரும் கூட்டம். இரண்டு காலத்திலும் குறிகட்டுவான் துறை நிரம்பி வழியும். கச்சதீவுத் திருவிழா மாசி, பங்குனியில் வரும். இன்னொரு நாளையும் சொல்லியாக வேண்டும். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்த குமுதினிப் படகில் பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நெடுந்தீவு ஆண்டுதோறும் அந்த நாளில் அவர்களை நினைத்து விளக்கேற்றுகிறது. விடுமுறைக் கணக்கை மட்டும் பார்த்து நாள் குறிப்பவர் அந்தக் கிழமையில் அங்கே வாணவேடிக்கை வைத்துவிடக் கூடாது.

யாருடைய இடம்

பணம் இருந்தால் இடம் கிடைக்கும் என்ற எண்ணம் உலகெங்கும் இருக்கிறது. 2024 மார்ச்சில் அம்பானி குடும்பத்தின் கலியாண முன்விழாவுக்காக ஜாம்நகர் விமான நிலையத்துக்குச் சில நாட்கள் சர்வதேச நிலையம் என்ற தகுதியே கொடுத்தார்கள். 2025 யூனில் ஜெஃப் பெசோஸ் வெனிஸில் கலியாணம் வைத்தபோது ஊரவர் எதிர்த்து நின்றார்கள். நகர நடுவே நடக்கவிருந்த விருந்தைப் பழைய கப்பற்பட்டறை வளாகமான ஆர்செனாலேக்கு மாற்ற வேண்டி வந்தது. வெனிஸும் தீவுகளின் ஊர்தான். படகும் துறையும் ஒருவருக்காக ஒதுக்கப்படும் நாளில் மற்றவர் வாழ்க்கை நின்றுபோகிறது என்பதே அவர்களின் முறைப்பாடு.

நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்குக் கனம் இன்னும் கூட. இராணுவமும் கடற்படையும் நடத்தும் விடுதிகள் வடக்கில் உண்டு. கடற்கோட்டை விடுதி கடலின் நடுவே அழகாகத்தான் இருக்கிறது. காங்கேசன்துறையிலும் இராணுவம் நடத்தும் கடற்கரை விடுதி ஒன்று உண்டு. அது நிற்கும் வலிகாமம் வடக்கு, மக்கள் தங்கள் காணியைத் திருப்பிக் கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடிய பிரதேசம். அழைப்பிதழில் அந்த முகவரியைப் பார்க்கும் ஒரு விருந்தாளி தன் காணியை இழந்தவராக இருக்கலாம். இதை எண்ணிப் பார்க்கும் கடமை விழா வைப்பவருக்கு இருக்கிறது.

நெடுந்தீவின் பழைய கோட்டையும் புறாக்கூடும் மற்றத் தொல்லியற் சின்னங்களும் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் மேடை போடும் இடங்கள் அல்ல. தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனமானது. மட்டக்குதிரைகள் மேயும் வெளியில் ட்ரோன் பறப்பதும் வெடி கொளுத்துவதும் அந்த மிருகங்களுக்குச் செய்யும் கொடுமை. மண்டைதீவில் 2025 செப்ரெம்பர் 1 அன்று சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 40,000 பேர் இருக்கக்கூடிய மைதானம் அந்தச் சதுப்பு நிலத்தை என்ன செய்யும் என்று சூழலியலாளர் அப்போதே கேட்டார்கள். பெரிய இடத்தேர்வுக்கும் சிறிய இடத்தேர்வுக்கும் கேள்வி ஒன்றுதான்.

கோயிலைப் பற்றியும் ஒரு சொல். நயினாதீவில் தாலி கட்டுவது எவருக்கும் கிடைக்கக்கூடிய பேறு. ஆனால் அது அம்மனுடைய இடம். அங்கே மணவீட்டார் விருந்தாளி மட்டுமே. மச்சம் மாமிசமும் மதுவும் அந்தத் தீவின் விழாவில் இடம்பெறக் கூடாது. ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே சோறு போடும் அமுதசுரபி அன்னதான மண்டபம் அங்கே இருக்கிறது. தனிப்பந்தி வைப்பதைவிட அன்றைய அன்னதானத்தைப் பொறுப்பெடுத்து, விருந்தினரையும் அடியார்களோடு இருத்திச் சாப்பிட வைப்பது ஆயிரம் மடங்கு உயர்ந்த காரியம் என்பேன்.

இத்தனையும் பார்த்த பிறகு என் தீர்ப்பு இது. தாலிகட்டு நயினாதீவில் என்றால் நெருங்கிய உறவினர் முப்பது, நாற்பது பேரோடு முடியுங்கள். பெருவிருந்தை வாகனம் போகும் தீவில் வையுங்கள். வேலணைச் சாட்டிக் கடற்கரைப் பக்கத்தில் பங்குனி மாலையில் பந்தல் போட்டால் காற்றும் மணலும் பவுசர் வரும் வீதியும் ஒருங்கே இருக்கின்றன. புங்குடுதீவில் சொந்த வளவு இருந்தால் பாழ்வீட்டைத் திருத்தி முற்றத்தில் வைப்பதுதான் எல்லாவற்றிலும் மேல். திருத்திய கூரையும் தூர்வாரிய கிணறும் விழாவுக்குப் பிறகும் ஊரில் நிற்கும். நெடுந்தீவைப் பெருங்கலியாணத்துக்கு நான் முற்றாக விலக்குவேன். மறுநாள் மாப்பிள்ளை பெண்ணோடு இளையவர்கள் போய்ப் பெருக்குமரத்தையும் கல்வேலிகளையும் பார்த்து, நெடுந்தீவு வீடொன்றில் காசு கொடுத்து நண்டுக்கறியோடு சாப்பிட்டு வருவதற்கு அது அருமையான இடம்.

சில கட்டளைகள் மட்டும் எல்லா இடத்துக்கும் பொது. படகைத் தனியாக அமர்த்துங்கள். ஊர்ச்சனம் ஏறும் படகில் ஓர் இருக்கையையும் பிடிக்காதீர்கள், அதில் ஆசுப்பத்திரிக்குப் போகிறவரும் பள்ளிக்கூடம் போகிற ஆசிரியரும் இருப்பார்கள். தீவுக்குள் கொண்டுபோன பிளாஸ்ரிக்கையும் பொலித்தீனையும் திரும்பிவரும் படகிலேயே ஏற்றிக் கொண்டுவாருங்கள். சமையலுக்கும் பந்தலுக்கும் படகுக்கும் அந்தந்த ஊர் ஆட்களை முதலில் கேளுங்கள். கூலியை அன்றே கையில் கொடுங்கள்.

முற்பணம் கட்டுவதற்கு முன் ஒரு சாதாரண நாளில் வீட்டின் மூத்தவரையும் கூட்டிக்கொண்டு குறிகட்டுவானுக்குப் போய்ப் படகேறிப் பாருங்கள். அவருக்கு அந்தப் பயணம் முடியாது என்றால் இடத்தை மாற்றுங்கள்.